கரடி வளைவு

பொழுதுபோக்குப் பூங்காவின் குட்டி ரயிலுக்கு அந்தக் காலம் நன்றாக நினைவிருந்தது. அப்போது அங்கே ராட்டினமே கிடையாது. மிருகங்களைச் சுற்றிக் காட்டத்தான் ரயிலே வந்தது. பிறகு குரங்குக் கூண்டு இருந்த இடத்தில் ராட்சத ராட்டினம் வந்தது; மயில்கள் இருந்த இடத்தில் மோதும் கார்கள் வந்தன. மிஞ்சியது கிழட்டுக் கரடி மட்டும்தான். வளைவில் ரயில் விசில் அடித்ததும் அது குகையை விட்டு வந்து பிள்ளைகளுக்குக் கையாட்டும்.

ஒருநாள் கரடியைக் கொண்டுபோக லாரி வந்தது. பலாச்சுளை வைத்தும் கரடி வெளியே வரவில்லை.

"விசிலை அடிங்க, தானா வரும்," என்றார் மேலாளர்.

ரயில் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் டிரைவர் இழுத்ததும் பழக்கதோஷத்தில் விசில் வந்துவிட்டது.

கரடியும் வந்தது.

"அடேய் கிழவா, லாரி நிக்கிறது தெரியலையா?" என்று பதறியது ரயில்.

"தெரியுதே. இருபது வருஷத்துல நீ கூப்பிட்டு நான் வராம இருந்திருக்கேனா?" என்றபடி கரடி லாரியில் ஏறிக்கொண்டது.

குகை இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்ச் சறுக்கு. எல்லா வளைவிலும் ஊதும் விசில் அங்கே மட்டும் ஊதுவதில்லை. மெக்கானிக் மூன்று தடவை கழற்றிப் பார்த்துவிட்டார். இவ்வளவு சுலபமாக அடக்க முடிகிற விசிலை அன்றைக்கு ஏன் அடக்கவில்லை என்றுதான் ரயில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.