ஸ்லைடில் எழுதிய பெயர்

அசுன்சியோன் நகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம். நெலிதா தம்பியின் ஸ்லைடை மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நிணநீர்ப் புற்றுநோயில் அவன் இறந்து பத்து நாளாகிறது. சாயமேற்றிக் காயவைத்த ரத்தம் அது. எந்த அணுவும் இனிப் பெருகாது. அவன் இறந்த அன்று நூறு வெள்ளணுக்களில் எழுபது கெட்டுப்போன லிம்போசைட்டுகள். நேற்று இதே ஸ்லைடில் எண்பத்தாறு.

"அழுத கண்ணோட எண்ணினா இப்படித்தான். தள்ளுக்கா," என்று உடன் வேலைபார்க்கும் விர்ஹிலியோ, குடித்துக்கொண்டிருந்த தெரெரே மூலிகைப் பானக் குவளையை வாசலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு அணுவுக்கும் எண்ணும் கருவியைத் தட்டினான். நூறில் மணி அடித்தது.

"எத்தனைடா?"

"நூறும் அதுதான்க்கா."

"அவன்தான் போயிட்டானே. இன்னும் யாரைத் தின்னுது?"

அவள் ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஊதாக் கறை ரத்தம் பூசிய இடத்தைத் தாண்டி, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த 'ஓவெலார்' மேல் ஏறத் தொடங்கியிருந்தது. அங்கே குடும்பப்பெயரை மட்டும்தான் எழுதுவார்கள். அவளுக்கும் அதே பெயர்தான்.