பொன்னாயி படித்த கதை

பள்ளி விட்டு வரும் குட்டிகளுக்காகக் காட்டுக் குடிசை ஒன்றில் மாலை வகுப்பு நடந்தது. ஊரெல்லாம் கேட்டு வாங்கிய பழைய புத்தகங்கள் அங்கே ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றுக்குக் காவல் செங்கமலம் என்ற கீரி.

ஒருநாள் வெள்ளாடு பொன்னாயி வந்து, "நானும் பிள்ளைகளுக்குக் கதை படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டது. செங்கமலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டிடம் காகிதமா! ஆனால் படித்துக் காட்ட வேறு ஆளில்லை. அரைமனதாகச் சம்மதித்தது.

பொன்னாயி படிக்கப் படிக்கக் குட்டிகள் வாய் பிளந்து கேட்டன. ஒரு தாளும் குறையவில்லை. ஆனால் தினமும் அது வயிறு புடைக்க, மூச்சு வாங்க வந்து சேர்ந்தது. காரணம் தெரியாமல் செங்கமலத்துக்கு மண்டை குடைந்தது. ஒரு மாலை கேட்டேவிட்டது.

"முட்ட முட்டத் தழை தின்னுட்டுத்தான் வருவேன் அக்கா. பசியோட வந்தா புத்தகம் தீனியாத் தெரியும்," என்றது பொன்னாயி.

மறுநாள் அடைமழை. மேய வழியில்லாமல் நனைந்து வந்த பொன்னாயி வாசலிலேயே நின்றுவிட்டது. "இன்னிக்கு வேணாம் அக்கா, நான் போறேன்."

குட்டிகளின் முகம் வாடியது. செங்கமலம் கொஞ்சம் யோசித்தது. பிறகு புத்தகத்தை எடுத்து விரித்துப் பிடித்தது. "அங்கிருந்தே படி. தாளை நான் புரட்டுறேன்."

பொன்னாயி கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தது. கதை சூடுபிடித்தது. எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று ஓரடி, இன்னும் ஓரடி என நகர்ந்து, கடைசியில் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

அதை ஆடும் கவனிக்கவில்லை, கீரியும் கவனிக்கவில்லை.