மருமகனின் காவல்

மாமியாருக்கு ஆக்சிஜன் தரும் மெஷின் வீட்டுக்கு வந்ததிலிருந்து மருமகன் கண்ணை மூடவில்லை. அதன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டான்.

"நான் பாத்துக்கறேன், நீங்க போய்ப் படுங்க," என்றாள் மனைவி.

"வேண்டாம். கரண்ட் போனா நான் பக்கத்துல இருக்கணும்."

"பெத்த பிள்ளைகூட இப்படிப் பாக்காது," என்று மாமியார் நெகிழ்ந்துபோனாள்.

மறுநாள் மதியம் கரண்ட் போனது. மெஷின் தன் பேட்டரிக்குத் தானே மாறிக்கொண்டு நிற்காமல் ஓடியது. மருமகன் பெருமூச்சு விட்டபடி ஆபீஸ் நண்பனுக்குப் போன் போட்டான்.

"இந்த மெஷினுக்குள்ள கரண்ட்டைக் கட்டுப்படுத்தறது நாம டிசைன் பண்ணின சிப்புடா. அதான் ராத்திரி பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நல்லவேளை, காலை வாரல."

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"உங்க சிப்புன்னு முதல்லயே சொல்லியிருந்தா நானும் தூங்காம இருந்திருப்பேனே, மாப்பிள்ளை."