பிரிக்காத கயிறு

தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்தவள் புதரைப் பார்த்ததும் நின்றுவிடுகிறாள். கீழே இரண்டு பச்சைக் கிளைகள் வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. சற்றுமுன்வரை இலைக்குள் ஒளிந்திருந்த கொண்டைக்குருவிக் கூடு இப்போது மொட்டை வெயிலில் இருக்கிறது. இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்து கிடக்கின்றன. தாய்ப்பறவை விளிம்பில் நின்று, சிறகை விரித்து அவற்றுக்குக் குடை பிடிக்கிறது. அதன் அலகும் மூடவில்லை. தொண்டை படபடவென்று துடிக்கிறது. அவள் கணவனின் கேமரா ஓயாமல் சடசடக்கிறது.

“என்னமா போஸ் குடுக்குது பாரு. இந்த வருஷம் பரிசு நமக்குத்தான்,” என்கிறான், கண்ணை எடுக்காமல்.

“கிளைய ஒதுக்கிக் கட்டிட்டு, படம் எடுத்ததும் அவுத்து விடத்தானே கயிறு கொண்டுவந்தோம்?”

“கட்டினா ஆடிக்கிட்டே இருக்கும். ரெண்டு கிளைதானே, திரும்ப முளைக்கும்.”

“அதுவரைக்கும் குஞ்சுங்க வேகட்டுமா?”

அவன் அடுத்த படத்தை எடுக்கிறான். கேமராப் பையில் கயிறு பிரிக்காமல் கிடக்கிறது. பக்கத்தில், காலையில் அவள் வீடெல்லாம் தேடிய தோட்டத்துக் கத்தரிக்கோல். அப்படியானால் கிளம்பும்போதே முடிவு செய்திருக்கிறான். அவளுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வருகிறது. மின்கம்பியில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கூட்டையே பார்க்கிறது.

அவள் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போய், விழுந்த கிளையைக் கூட்டுக்கு மேலே வைத்துக் கட்டுகிறாள். தாய்ப்பறவை பக்கத்துக் கொம்புக்குத் தாவி, அவளையும் சேர்த்தே திட்டுகிறது.

“என்ன பண்றே நீ? கூடே தெரியல.”

“தெரியக் கூடாதுன்னுதான் அது இங்க கட்டிச்சு,” என்று அடுத்த முடிச்சை இறுக்குகிறாள்.