ஏசி இருக்கட்டும் மாஸ்டர்

"அந்த ஏசிய முதல்ல அணைங்கண்ணே. கத்துக்கிற வண்டியில எதுக்குக் குளிரு?"

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொல்லி வாய் மூடவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஆஸ்பத்திரிக்காரர் குளிரை இன்னும் கொஞ்சம் கூட்டினார். மாஸ்டரைவிட வயதில் மூத்தவர். லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. வண்டி ஓட்டத்தான் வரவில்லை.

ஆஸ்பத்திரி வேனுக்கு டிரைவர் இல்லை. இன்று இந்தக் காரை வழியில் இன்ஜின் அணையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் அந்த வேலை அவருக்கு. ஒரு தடவை அணைந்தாலும் வேறு ஆள். மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டாராம்.

ஏசி போட்டால் இழுவை குறையும், மேட்டில் கிளட்சை விட்டதும் வண்டி இருமிவிட்டுப் படுத்துவிடும் என்று மாஸ்டர் பொறுமையாக விளக்கினார். கண்ணாடியை இறக்கினால் இன்ஜின் சத்தமாவது காதில் விழும் என்றார். ஆஸ்பத்திரிக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கண்ணாடியும் இறங்கவில்லை, ஏசியும் அணையவில்லை.

தானே அணைத்துவிடலாம் என்று பார்த்தால் மாஸ்டருக்குக் கை எழவில்லை. மனிதர் பெல்ட்டைக் கையோடு சேர்த்து அப்படி இறுக்கி மாட்டியிருந்தார். சிக்னலில் ஒரு போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பாவம், வெயில் தாங்கவில்லை போலும் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

கார் மாஸ்டருடைய தெருவுக்கே திரும்பியது. முனையில் செங்குத்தான மேடு. இதைவிடச் சின்ன மேட்டில் நேற்று வண்டியை அணைத்து அணைத்து, மாஸ்டரை நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வைத்தவர் இவர்.

"ஏசிய அணைச்சுட்டு ஏத்துங்கண்ணே. வேலை போயிடும்."

வண்டி உறுமியது. பின்னால் நழுவியது. ஆஸ்பத்திரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்சை மயிரிழை மயிரிழையாக விட்டார். ஏறிவிட்டது.

மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. ஏசியோடு இந்த மேட்டை ஏற்றியவர் இனி எந்த வேனையும் ஓட்டலாம் என்று மனதாரப் பாராட்டினார். "இப்பவாவது அணைங்க."

மாஸ்டர் வீட்டு வாசலில் கூட்டமாக இருந்தது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரிக்காரர் முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினார்.

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். பிணவறையில உங்கள மாதிரி எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கேன். யார் என்ன சொன்னாலும், வீட்டு ஆளுங்க கையில ஒப்படைக்கிற வரைக்கும் குளிரக் குறைக்கக் கூடாது."