கடைசி வரி

மதுரங்குளித் தென்னந்தும்புத் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஆளணி முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற ஜவ்பர் சேர், சேவைக் கடிதம் கேட்டு ஸம்ஹாவின் முன் அமர்ந்திருந்தார். டிப்ளோமா முடித்து வந்து, இப்போது அவருடைய கதிரையில் அவள்.

“கெம்பஸுல விரிவுரையாளர் வேலை, மகள். நல்லா எழுதுங்க.”

“எழுதிட்டன் சேர். நேர்மை, திறமை, எல்லாம் இரிக்கி.”

வாசித்துக்கொண்டே வந்தவருக்குக் கடைசி வரியில் முகம் கறுத்தது.

“‘அமைதியான சுபாவம் உடையவர்’ எண்டு ஏன் போட்டீங்க?”

“நல்ல வார்த்தைதானே?”

“இதக் கண்டா ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. முகாமையாளர்மாருக்குள்ள இரிக்கிற ரகசியக் குறி இது.”

“ஓம் சேர். இங்கிருந்து என்னை நிப்பாட்டக்குள்ள நீங்க தந்த கடிதத்திலயும் இதே வரிதான். ஒன்பது இடம் ஏறி இறங்கினன்.”

அவள் கடிதத்தை வாங்கி முத்திரை குத்தி நீட்டினாள்.

“ஏன் எண்டு, பிறகு நீங்க பின்னேரத்தில எடுத்த டிப்ளோமா வகுப்பிலதான் விளங்கிச்சி. நல்லாப் படிப்பிச்சீங்க.”