டயரில் காற்று

ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை முதலாளியின் மகன் கோ-கார்ட்டை உறுமவிட்டால், வறண்டு கிடக்கும் பாலாறே வெள்ளம் வந்துவிட்டதோ என்று எழுந்து உட்காரும். அந்தக் குட்டிப் பந்தய வண்டிதான் இன்று வளைவில் டயர் கழன்று அவனோடு கவிழ்ந்தது.

வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் மெக்கானிக் பரந்தாமன் நின்றான். காற்று குறைந்தால்தான் டயர் அப்படிக் கழலும். நேற்று கணக்காகத்தான் அடித்திருந்தான், பின் எப்படி?

"காத்து பாக்காம வுட்டிருந்தேன்னா, ஜெயில்தான்டா உனக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தார் முதலாளி.

முதலாளியின் மனைவி கமலவேணி அவன்மேல் பாய்ந்தார்.

"கல்லு மாதிரி காத்தடிச்சி வெச்சிருக்கியே, பாவி! எம்புள்ள இடுப்பு இன்னாத்துக்கு ஆவும்? குலுங்காம போவட்டும்னு காலைல நான்தான் நாலு டயர்லயும் பாதி காத்தைப் புடுங்கி வுட்டேன். அப்பவும் கவுந்துடுச்சே!"

பரந்தாமன் வாயைத் திறந்தான்.

அதற்குள் கதவு திறந்தது. முதலாளி முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்தார். கமலவேணி அப்படியே தரையில் சரிந்தார்.

"போய்ட்டான்டா... சொல்லு, காத்து பாத்தியா இல்லியா?"

பரந்தாமன் கீழே கிடந்த தாயைப் பார்த்தான்.

"மறந்துட்டேன், முதலாளி."